பிடுங்கக் கூடாத பல்

ஜூன் 14, சனி

அம்மாவின் நீல டப்பாவை அத்தை இன்று பரணில் ஏற்றிவிட்டார். பழைய மிக்சி, கிழிந்த பாய், தீபாவளிக்கு வாங்கிக் கொளுத்தாமல் விட்ட சங்குச் சக்கரம், இவற்றோடு அம்மாவின் டப்பாவும்.

அந்த டப்பாவில் இருப்பது குப்பை இல்லை. அம்மாவின் பல் அச்சை எடுத்துச் செய்த இரண்டு பிளாஸ்டிக் ட்ரே. மேல் பல்லுக்கு ஒன்று, கீழ்ப் பல்லுக்கு ஒன்று, கண்ணாடி மாதிரி இருக்கும். ராத்திரி சாப்பிட்டுப் பல் துலக்கியபின் அதில் ஜெல் தடவிப் பத்து நிமிடம் மாட்டியிருக்க வேண்டும். பிறகு துப்பிவிட்டு அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஆயுள் முழுக்க இப்படித்தான் என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பாவின் அக்காவான அத்தை, அக்கா கல்யாணத்தை முடித்துவைக்கச் சித்திரையில் வந்தார். அன்றிலிருந்து அம்மா அதைப் பாத்ரூமில் ஒளிந்துகொண்டு போடுகிறாள், பாதி நாள் போடுவதே இல்லை. இனி அதுவும் இல்லை.

போன வருடம் அம்மாவுக்கு நாக்கின் ஓரத்தில் புற்றுநோய் வந்தது. இதை இங்கே எழுதலாம், வீட்டில் சொல்லக் கூடாது. கரண்டு வைத்தார்கள். கதிர்வீச்சை வார்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இப்போது அம்மாவுக்கு நோய் இல்லை. ஆனால் எச்சிலும் இல்லை. எச்சில் இல்லாத வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும், அதனால்தான் ட்ரே. இதை அத்தையிடம் நான் எடுத்துச் சொன்னேன். எல்லாம் கண்ணாலம் முடிஞ்சு பாத்துக்கலாம் என்றார்.

நாளை அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

வந்தார்கள். தாராபுரம். மாப்பிள்ளை பெயர் பிரகதீஷ், ஈரோட்டில் பேங்கில் இருக்கிறார். தலையைக் குனிந்தே இருந்தார், அக்காதான் அவரை நன்றாகப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா சிவகாமி அம்மாள் எல்லாவற்றையும் பார்த்தார். அம்மா ஏன் இவ்வளவு இளைத்திருக்கிறாள் என்று கேட்டார். தைராய்டு என்று அத்தை சொன்னார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருப்பார் போல.

அம்மாவுக்கு அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் பாட்டிலை ஹாலுக்குக் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு. அவர்கள் இருந்த நேரம் முழுக்க அம்மா புன்னகை செய்துகொண்டே இருந்தாள். பேசவில்லை. என்னவொரு அமைதி என்று சிவகாமி அம்மாள் பாராட்டினார்.

ஜூன் 16, திங்கள்

பிடித்துவிட்டதாம்.

ஜூன் 22, ஞாயிறு

வலது உள்ளங்கை எரிகிறது. பேனாவை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். அக்கா தூங்கிவிட்டாள்.

குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். கல்யாணத்துக்கு உத்தரவு கேட்க என்றுதான் சொன்னார்கள். பூசாரி வெளியே போனதும் அத்தை கல்லின்மேல் கற்பூரம் ஏற்றி எங்கள் நான்கு பேரையும் நிற்க வைத்தார். நோவைப் பற்றி எங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வராது என்று ஒவ்வொருவரும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

அப்பா கல்லைப் பார்த்துக்கொண்டே அடித்தார். எங்கள் தேங்காய்க் களத்தில் முப்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவர். அக்கா அழுதுகொண்டே அடித்தாள். அம்மா அடிப்பதற்கு முன் என்னைப் பார்த்தாள். நான் பின்னால் நகர்ந்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அம்மாக்கு வந்தா புள்ளைகளுக்கும் வரும்னு ஊரே பேசும். உன்ற அக்காளுக்கு மட்டுமில்ல, நாளைக்கு உனக்கும் எவன் வருவான்? அடி புள்ள."

அடித்தேன். சத்தியத்தை மீறினால் அது அம்மா உடம்பில்தான் விடியும் என்று வண்டியில் வரும்போது அத்தை சொன்னார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எந்த ஊர் நியாயம் இது? வாயைத் திறந்தது நான் என்றால் என் உடம்பில் விடியட்டுமே.

எழுதி முடித்தபின் செல்போன் டார்ச்சை வைத்து என் நாக்கைப் பார்த்தேன். சும்மாதான்.

ஜூன் 29, ஞாயிறு

உப்புச் சர்க்கரை மாற்றினார்கள். எங்கள் பக்கத்து நிச்சயம் இது. ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. ஹால் முழுக்க ஆட்கள். சம்பந்திகள் ஒருவருக்கொருவர் சர்க்கரை ஊட்டினார்கள். அம்மாவுக்கு ஆளாளுக்கு ஊட்டினார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள் என்று அம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். மைசூர்பா, ஜாங்கிரி, தேங்காய் பர்பி. வறண்ட வாயில் இனிப்பு கரையாது, பல்லோடு ஒட்டிக்கொண்டே கிடக்கும். வாய் கொப்பளிக்க எழுந்தபோதெல்லாம் யாராவது கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

எனக்கு எல்லோர் மீதும் கோபம். சிரித்துக்கொண்டே சாகடிக்கிறார்கள்.

ஜூலை 9, புதன்

கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல். கரண்டு வைத்த பக்கம். நேற்றிலிருந்து அம்மா அந்தக் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு நடக்கிறாள். பல்லின் அடியில், ஈறு தொடங்கும் இடத்தில், சுற்றி வளைத்துப் பழுப்பாக ஒரு கோடு.

கோயம்புத்தூர் போகலாம் என்றேன். அங்கே போனால் யாராவது பார்த்துவிடுவார்களாம். சிவகாமி அம்மாளின் தங்கை வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவிலேயே இருக்கிறதாம். கிராம்பு வைத்துக்கொள்ளட்டும் என்றார் அத்தை. வைத்தார்கள். அம்மாவின் நாக்கு வெந்துபோயிற்று.

ஜூலை 13, ஞாயிறு

எல்லாம் முடிந்தது.

சிவகாமி அம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்துக் கொய்யாப்பழக் கூடையோடு வந்து நின்றார். அம்மாவின் கன்னம் வீங்கியிருந்ததை மறைக்க முடியவில்லை. பல் வலி என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சிரித்தார். தாராபுரத்தில் பல் ஆஸ்பத்திரி வைத்திருப்பது அவருடைய மூத்த மருமகள் வினோதினிதான்.

"எங்கூட்டுலயே டாக்டரு இருக்கறப்ப நீங்க வெளிய போனா எங்களுக்கு மரியாதைங்களா? வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க. புடுங்கிப் போட்டா ஒரே நாள்ல சரியாப் போயிரும்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். பிறகு, "ஆகட்டுங்க சம்பந்தி" என்றார்.

பிடுங்குவதாம்.

ஆஸ்பத்திரிப் பல் டாக்டர் சொன்னபோது அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். அக்காவுக்கு அப்போது பரீட்சை. கரண்டு வைப்பதற்கு முன்பே மோசமான இரண்டு பற்களை எடுத்து, புண் ஆறியபின்தான் தொடங்கினார்கள். ஏன் என்று நான் கேட்டேன். கரண்டு பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துபோகும், அதன்பின் பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம், தாடையை வெட்டி எடுக்கும்படிகூட ஆகலாம் என்றார். எத்தனை வருடம் ஆனாலும் எங்களைக் கேட்காமல் பல்லைப் பிடுங்க விடாதீர்கள், எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் உட்கார்ந்ததும் முதலில் இதைச் சொல்லுங்கள் என்றார். நான் திரும்பச் சொல்லிக் காட்டினேன். கெட்டிக்காரி என்றார்.

முதலில் சொல்ல வேண்டியதைத்தான் சொல்ல மாட்டோம் என்று கற்பூரம் அடித்திருக்கிறோம்.

ஜூலை 14, திங்கள்

அப்பாவிடம் பேச ஸ்கூல் விட்டதும் நேராகக் களத்துக்குப் போனேன். தேங்காய்ப் பருப்பைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாதென்றால்கூட மன்னிக்கலாம்.

எல்லோருக்கும் அப்படி ஆகாது, நூற்றில் சிலருக்குத்தான் என்றார். அந்தச் சிலரில் அம்மா இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு பருப்பை எடுத்து உடைத்துப் பார்த்தார், காய்ந்திருக்கிறதா என்று.

"இதுவரைக்கும் வந்த மூணு எடமும் இதனாலதான் போச்சு கண்ணு. உங்கம்மாளே போலாம்னு சொல்லிட்டா. நீ சின்னப் புள்ள, சும்மா இரு."

அம்மாவே சொன்னாளாம். வாயைக் கட்டிவிட்டு, அவளே சொன்னாள் என்கிறார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

அக்காவிடம் சண்டை போட்டேன். உனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, அதனால்தான் பேசாமல் இருக்கிறாய் என்றேன். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். ஆமா, பிடிச்சிருக்கு என்று சொல்லிவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதன்பின் எனக்குத் திட்டத் தெரியவில்லை.

ஜூலை 17, வியாழன்

இந்த வீட்டில் யாருக்கும் மூளை வேலை செய்யவில்லை, அம்மாவுக்கும்தான். நாளை அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும், இன்று சாயங்காலம் பரணிலிருந்து இட்லிக் குண்டானை எடுத்து வரச் சொல்கிறாள். சமையலறையில் இரண்டு குண்டான் இருக்கிறது, மூன்றாவது எதற்கு என்று கேட்டேன். "பெருசு வேணும் கண்ணு, நீயே ஏறி எடு" என்றாள். அத்தை அப்போது பக்கத்து வீட்டுக்கு முறுக்கு மாவு கொடுக்கப் போயிருந்தார். ஏணியை அம்மாவே பிடித்துக்கொண்டாள்.

குண்டானுக்குள்ளேயே நீல டப்பா இருந்தது. அத்தை சாமான்களை எப்படி வைக்கிறார் பாருங்கள்.

டப்பாவை எடுத்துப் பாவாடையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. அம்மா குண்டானை வாங்கி ஓரமாக வைத்தாள். ராத்திரி எல்லோருக்கும் தோசைதான்.

நாளை நானும் போகிறேன். ஸ்கூல் போகட்டும் என்றார் அத்தை. "சுபி வரட்டும் நங்கையா, ஊசி போடறப்ப அவ கையப் புடிச்சுக்கறேன்" என்று அம்மா தன் நாத்தனாரிடம் சொல்லிவிட்டாள். இத்தனை மாதத்தில் அம்மா அத்தையிடம் சொன்னதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

பயமாக இருக்கிறது. சொன்னால் சாமி அம்மாவைத் தண்டிக்கும். சொல்லாவிட்டால் சாமிகூட வேண்டாம், ஒரு குறடு போதும்.

ஜூலை 18, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா எங்களை இறக்கிவிட்டு, மண்டியில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்று போய்விட்டார். டாக்டர் வினோதினி சின்ன வயதுதான். அம்மாவை நாற்காலியில் சாய்த்துவிட்டு, சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, வேறு வைத்தியம் ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அத்தைதான் இல்லை என்றார். வாய் ஏன் இவ்வளவு காய்ந்திருக்கிறது என்று கேட்டார். வெள்ளிக்கிழமை விரதம், பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை என்றார் அத்தை. வாயை இன்னும் கொஞ்சம் திறங்க என்றார். அதற்குமேல் அம்மாவால் திறக்க முடியாது, கரண்டு வைத்ததில் தாடை இறுகிவிட்டது. கூச்சம் என்றார் அத்தை.

டாக்டர் பல்லைப் படம் எடுத்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். ஒரு பல் மட்டுமில்லை, எல்லாப் பல்லிலும் ஈறோரம் அரித்திருக்கிறதே, இப்படி வராதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த நேரத்தில் அவருடைய செல்போன் அடித்தது. மாமியார். எடுத்தாச்சா என்று கேட்டிருப்பார், இதோ, எடுத்துடறேனுங்க என்று டாக்டர் சொன்னார். ஊசியை எடுத்தார்.

அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். கற்பூரம் சுட்ட அதே கை. அதை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் விட்டாள்.

நான் பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். டாக்டருக்குப் பக்கத்தில் குறடு, கண்ணாடி எல்லாம் வைத்திருந்த எவர்சில்வர் தட்டில் அதைத் திறந்து வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. சாமிக்கு அது தெரியும்.

டாக்டர் ட்ரேயைப் பார்த்தார். ஊசி அந்தரத்திலேயே நின்றது.

"அது புள்ளைக்குப் பல்லு நேராக்கறதுக்குப் பண்ணுனதுங்க" என்றார் அத்தை. கூசாமல் சொன்னார். என் பல் நேராகத்தான் இருக்கிறது.

டாக்டர் கீழ் ட்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பின்பக்கம் இரண்டு பல் இல்லாத இடத்தில் அது வழவழவென்று இருந்தது. பிறகு அம்மாவின் வாயைப் பார்த்தார். "இது யாரு பல்லுக்கு எடுத்த அச்சுன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றார். காய்ந்த வாய், ஈறோர அரிப்பு, ட்ரே, மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டார்.

அவர் அம்மாவிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார். "எங்கீங்கம்மா கரண்டு வெச்சாங்க?"

அம்மா தோளில் குத்தியிருந்த பின்னைக் கழற்றி, சேலையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். கறுத்துத் தடித்த தோலை டாக்டர் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஊசியைக் கீழே வைத்தார்.

"நான் புடுங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? இந்தப் பாவத்த என்ற கையால செய்ய வெக்கப் பாத்தீங்களா?"

கத்தவில்லை. ஆனால் அத்தை சுவரோடு ஒட்டிக்கொண்டார். எனக்கு அப்படியே எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாக அழுதுவிட்டேன்.

அப்புறம் டாக்டர் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வெகுநேரம் பேசினார். பல்லைப் பிடுங்கவில்லை. உள்ளே இருந்த சீழை வெளியேற்றி, வேர் வரைக்கும் சுத்தம் செய்து மருந்து வைத்திருக்கிறார். இன்னும் சில தடவை போக வேண்டும், வேரை உள்ளேயே வைத்து அடைத்துவிடலாம் என்கிறார்கள். ட்ரேயை ஒரு நாள்கூட விடக் கூடாது என்று அம்மாவிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினார். எங்கள் வீட்டுக்குச் சத்தியங்கள் அதிகமாகிக்கொண்டே போகின்றன. இது மட்டும் நல்லது.

கிளம்பும்போது, ஆஸ்பத்திரியில் தெரிந்ததை வீட்டில் பேசுவது தன் வழக்கமில்லை, மாமியாரிடம் தான் எதுவும் சொல்லப்போவதில்லை என்றார். சொல்ல வேண்டியது உங்கள் வேலை என்பது போல அம்மாவைப் பார்த்தார்.

இதைக் கேட்டு அத்தை என்ன செய்தார் தெரியுமா? நிம்மதிப் பெருமூச்சு விட்டார். வண்டியில் ஏறியதும், நல்லதாப் போச்சு, இனி யாருக்கும் தெரியாது என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையாட்டினார். இவர்களை என்ன செய்வது?

ஜூலை 19, சனி

அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. வீக்கம் வடிந்திருக்கிறது. சாமி இன்னும் ஒன்றும் செய்யவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் அம்மா மூச்சு விடுகிறாளா என்று போய்ப் பார்த்தேன்.

ஜூலை 26, சனி

ட்ரே மறுபடியும் பாத்ரூமில். கதவைச் சாத்திக்கொண்டு.

என் நாக்கில் வலப்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. மூன்று நாளாக இருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் எல்லாமே வெள்ளையாகத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. சிவகாமி அம்மாளும் மாப்பிள்ளையும் சாயங்காலம் வந்து, முகூர்த்தப் பட்டு எங்கே எடுப்பது என்று பேசினார்கள். பேச்சு நீண்டு, ராத்திரி சாப்பாடும் இங்கேயே ஆயிற்று. சாப்பிட்டபின் அக்கா எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். அம்மா எழுந்து உள்ளே போனாள். பல் துலக்கும் சத்தம் கேட்டது.

வந்தபோது வாயை இறுக்கி மூடியிருந்தாள். பாத்ரூமுக்குப் போகவில்லை. நேராக வந்து சோபாவில், சிவகாமி அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தாள். உதட்டோரம் ட்ரேயின் விளிம்பு தெரிந்தது.

சிவகாமி அம்மாள் அம்மாவையே பார்த்தார். "ஏனுங்க, வாயில என்னமோ வெச்சிருக்கறீங்க?"

அத்தை, அது வந்துங்க என்று தொடங்கினார். அம்மா உள்ளங்கையை உயர்த்தினாள். அவ்வளவுதான், அத்தை நிறுத்திவிட்டார். பிறகு அம்மா அதே கையால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.

பத்து நிமிடம் எங்கள் ஹாலில் ஒருவரும் பேசவில்லை. காபி ஆடை கட்டியது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை முதன்முறையாகத் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அத்தை மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தாள். இவ்வளவு அழகாக அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நேரமானதும் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"எனக்குப் போன வருசம் நாக்குல கேன்சருங்க. கரண்டு வெச்சுச் சரியாயிருச்சு. பல்லக் காப்பாத்த இத தெனமும் போடோணும். இனி ஒளிஞ்சு போட என்னால ஆகாதுங்க."

சிவகாமி அம்மாள் ஒரு டம்ளரை அம்மா பக்கம் நகர்த்தினார். பிறகு, காபி ஆறுது, குடிங்க என்றார்.

"அம்மா அர மணி நேரம் எதும் குடிக்கக் கூடாதுங்க" என்றேன் நான். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

ஊருக்குப் போய்ப் பேசுகிறோம் என்று கிளம்பினார்கள். அத்தை என்னை அடிக்க வந்தார், எல்லாம் இவ ஆரம்பிச்சது என்று. அம்மா குறுக்கே வந்து நின்றாள். "அவ வாயத் தொறக்கல நங்கையா. சொன்னது நானு. சாமி கேட்டா என்னைய கேக்கட்டும்."

ஆகஸ்ட் 6, புதன்

போன் வந்தது. ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் பார்க்க வேண்டுமாம். பத்துப் பொருத்தமும் அமைந்திருக்கிறது என்று ஆனியில் சொன்னார்களே, அதே ஜாதகம். நடுவில் நட்சத்திரங்கள் நாக்குப் பரிசோதனைக்குப் போய் வந்தன போல. கேன்சர் என்று சொல்லி வேண்டாமென்றால்கூட ஒரு மரியாதை இருக்கும்.

அக்கா அழவில்லை. பாக்கட்டும், அவரு என்ன சொல்றாருன்னு நானும் பாக்கறேன் என்றாள். மாப்பிள்ளை இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

அத்தை ஊருக்குப் போய்விட்டார். அப்பா என்னிடம் பேசுவதில்லை. ஆனால் இன்று கோயம்புத்தூரிலிருந்து புது ஜெல் இரண்டு வாங்கி வந்து ஃப்ரிட்ஜ்மேல் வைத்திருக்கிறார். நீல டப்பாவுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி.

டார்ச்சோடு பாத்ரூமுக்குள் போனேன். கதவைச் சாத்துவதற்குள் அம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டிவந்து டியூப் லைட்டுக்கு நேர்கீழே நிறுத்தி, நாக்கை நீட்டச் சொன்னாள். இப்படியும் அப்படியும் திருப்பி, மூக்கு என் மூக்கில் இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தாள்.

"கடிச்சு வெச்சிருக்கற. ஆறிட்டு வருது. வெள்ளிக்கிழமை வினோதினிகிட்டயும் காட்டலாம்" என்றாள். பிறகு டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி அணைத்தாள். "இனிமே பாக்கறதுன்னா இங்க வந்து பாரு. இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்குது."

இதை ஹாலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.